திருநங்கையருக்கு எச்ஐவி ஆபத்து ஏன் அதிகம்? ஆணுறை மட்டும் போதாதா?

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு நிதியுதவியை நிறுத்தியதும், ஹைதராபாத், புனே, கல்யாண் ஆகிய ஊர்களில் இயங்கிய 'மித்ர்' கிளினிக்குகள் மூடப்பட்டன. திருநர் சமூகத்துக்கென்றே, அச்சமூகத்தினரும் சேர்ந்து நடத்திய மையங்கள் இவை. ஹைதராபாத் மையம் மட்டும் பிறகு உள்நாட்டு நிதியில், வேறு பெயரில் திறந்தது. 'அதான் அரசு மருத்துவமனை இருக்கே, எச்ஐவி டெஸ்ட்டும் ஏஆர்டி மாத்திரையும் அங்கே இலவசம்தானே, தனி கிளினிக் எதுக்கு?' என்று தோன்றலாம்.

நியாயமான கேள்விதான். முதலில் எண்களைப் பார்ப்போம். இந்தியாவில் பெரியவர்களிடையே எச்ஐவி பாதிப்பு 2021 மதிப்பீட்டின்படி 0.21 சதவீதம். அதே ஆண்டு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கண்காணிப்பில் திருநங்கையரிடையே இது 3.78 சதவீதம், அதாவது 18 மடங்கு. (தடுப்புத் திட்டங்களுக்குள் வந்தவர்களிடம் எடுத்த கணக்கு இது. எல்லா திருநங்கையருக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது.)

குதவழி உறவில் கிருமி எளிதாகத் தொற்றும் என்பது ஒரு காரணம். ஆனால் கதை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. பதின்வயதில் வீட்டை விட்டுத் துரத்தப்படுபவருக்குப் படிப்பு நிற்கிறது, வேலை கிடைப்பதில்லை. கடை கேட்பதும் பாலியல் தொழிலும்தான் பலருக்கு மிஞ்சுகிறது. ஆணுறை வேண்டாம், கூடக் காசு தர்றேன் என்று ஒருவர் சொல்லும்போது, வாடகை பாக்கி வைத்திருப்பவரால் எவ்வளவு உறுதியாக மறுக்க முடியும்? அடி, மிரட்டல் பயம் இருந்தால் பேரமே கிடையாது. அந்த இரவைத் தாங்க மது. போதையில் கவனம் தப்புகிறது. காதலன் என்று நம்பும் ஒருவரிடம் ஆணுறை கேட்பதோ, அவரைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுகிறது.

இப்படிப் பிரச்சினைகள் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதை 'சிண்டெமிக்' என்பார்கள். 1990-களில் மானுடவியலாளர் மெரில் சிங்கர் முன்வைத்த கருத்து இது. வெங்கடேசன் சக்கரபாணி குழுவினர் இந்தியாவில் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு, மனச்சோர்வு, மது, வன்முறை மூன்றையும் எச்ஐவி ஆபத்தோடு சேர்த்துப் பார்த்தது.

தொற்று வந்த பிறகும் மனநிலை முக்கியம். மாத்திரையைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. மனச்சோர்வில் இருப்பவர் முதலில் விடுவது மாத்திரையைத்தான். ஆண் வரிசையா, பெண் வரிசையா என்று ஓபி சீட்டிலேயே கூனிக்குறுக வைத்தால், அடுத்த மாதம் ஏன் வரப்போகிறார்? எச்ஐவி காரணமாகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. வரிசையில் கேட்கும் கேலியை அது தடுத்துவிடவில்லை.

தனி கிளினிக்கின் பலன் இங்கேதான். டெஸ்ட்டுக்கென்றால் தயங்குபவர் ஹார்மோன் சிகிச்சைக்கு வருவார். அங்கேயே கவுன்சலிங், அங்கேயே எச்ஐவி பரிசோதனை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் 'நம்பிக்கை மைய'ங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். மனநல சிகிச்சைக்கு வேறொரு துறை, வேறொரு வரிசை. உதவி எண்களும் அப்படித்தான்: எச்ஐவிக்கு 1097, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416.