படத்தில் தெரியாத பாகம்

புதிய மின்கார் ஒன்று வரவிருக்கிறது என்றதுமே, முகப்பு விளக்கு எப்படியிருக்கும், திரை எத்தனை அங்குலம் என்ற ஊகங்கள் கிளம்பிவிடுகின்றன. கார்த் தொழிலால் வளர்ந்த புனேயில் இப்பேச்சு நம் வாகனக் கடன் பிரிவு வரை வந்து சேர்கிறது.

மகிந்திரா நிறுவனம் 2022 ஆகஸ்டில் பிஇ.05 என்னும் மாதிரி வடிவத்தைக் காட்டியது. அதுவே 2024 நவம்பரில் பிஇ 6இ என அறிமுகமாகி, இப்போது பிஇ 6 என்ற பெயரில் புனேயை அடுத்த சாக்கனில் தயாராகிறது. சரியும் கூரையையும் கூரிய விளிம்புகளையும் முன்பே கணித்தவர்கள் பெரிதும் ஏமாறவில்லை. ஆனால், வாங்குபவரின் பணத்தைப் பாதிக்கும் செய்திகள் அறிமுகத்தின்போதுதான் தெரியவந்தன. பேட்டரி 59, 79 கிலோவாட் மணி என இருவகை. சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவுசெய்யும் முதல் உரிமையாளருக்குப் பேட்டரி உத்தரவாதம் வாழ்நாள் முழுவதும். கைமாறினால் 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டர். வீட்டுச் சார்ஜருக்குத் தனிக் கட்டணம்.

மின்காரின் பாகங்களுள் விலை மிகுந்தது பேட்டரியே. மறுவிற்பனை மதிப்பும் பெரிதும் அதன் நிலையைப் பொறுத்தது. எனவே, நிறுவனங்கள் அழகிய படங்களுடன் உத்தரவாத விதிகளையும் முன்பதிவுக்கு முன்னரே வெளியிட வேண்டும் என்பது நம் கருத்து.

வாடிக்கையாளர்களும் மூன்று கேள்விகளுக்கு எழுத்து வடிவில் விடை பெறுவது நலம். கடன் தீரும்வரை உத்தரவாதம் நீடிக்குமா? அடுத்த உரிமையாளருக்கும் அது செல்லுமா? சார்ஜர் விலையில் அடங்குமா? வடிவத்தை ஊகித்து மகிழலாம். மாதத் தவணையை மட்டும் ஊகத்தின்மீது அமைக்க வேண்டாம்.