பளபளப்புத் தாளும் வாழைச்சேனை வைக்கோலும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்புகளில் ஒரு பக்கம் தவறாமல் வரும்: நத்தார்ப் பரிசுகளைப் புதுமையாகப் பொதி செய்வது எப்படி? அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில் வெளிநாட்டுச் சஞ்சிகைகளை விரித்து வைத்துக்கொண்டு, பனிமனிதன் படம் போட்ட தாள், ஊசியிலை மரத்தின் காய், சிவப்பு ரிப்பன் என்று மொழிபெயர்த்துத் தள்ளியிருக்கிறேன். வடகீழ்ப் பருவமழை கொட்டி முற்றமெல்லாம் வெள்ளம் நிற்கும் மட்டக்களப்பு வாசகருக்குப் பனிமனிதனோடு என்ன உறவு என்று அன்று நான் யோசிக்கவில்லை.

அக்குறிப்புகளில் ஒன்று இன்றும் என்னைக் கூச வைக்கிறது. பொதியின் முடிச்சில் ஒரு துண்டு கறுவாப்பட்டையைச் செருகுங்கள், மணமாக இருக்கும் என்று ஐரோப்பியருக்கு எழுதியிருந்தார்கள். கறுவா எங்கள் மண்ணின் பொருள். நானோ அந்த வரியை வெட்டிவிட்டு, கடையில் விற்கும் பிளாஸ்டிக் இலைக்கொத்தைச் சிபாரிசு செய்தேன்!

பொன்னும் வெள்ளியுமாக மின்னும் அந்தத் தாளை ஒருமுறை கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே கிடந்தால் அது தாள். மெல்ல விரிந்து எழுந்தால் அது பெரும்பாலும் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக். மக்காது, தாள் ஆலையும் அதை ஏற்காது. நத்தார்க் காலையில் ஒரு நிமிடத்தில் கிழிபட்டு, மத்தியானம் வளவு மூலையில் எரியும்; அல்லது மழைவெள்ளத்தோடு வாவிக்குப் போகும். இதை மரபு என்பாரும் உளர். அச்சிட்ட அலங்காரத் தாள் பெருவணிகமானதே 1917க்குப் பிறகுதான். அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஹோல் சகோதரர்களின் கடையில் மெல்லிய தாள் தீர்ந்துபோக, கடித உறைகளின் உட்புறம் ஒட்டும் பிரெஞ்சுத் தாளை எடுத்து விற்றார்கள். கையிருப்புத் தீர்ந்த கடைக்காரரின் சமயோசிதம், அவ்வளவே.

இதை வாழைச்சேனையில் வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாட்டின் முதலாவது பெரிய கடதாசி ஆலை 1950களில் இங்கேதான் எழுந்தது. அதன் மூலப்பொருள் வைக்கோல். சூடடித்தபின் வயலில் தீயிடப்படும் வைக்கோல் இங்கே தாளாயிற்று. 1970களில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது என் அப்பியாசக் கொப்பிகள் பழுப்பு நிறமாக, மை ஊறுவனவாக இருந்தன. நாங்கள் அவற்றைப் பார்த்து முகம் சுளித்தோம். வழவழப்பான வெளிநாட்டுக் கொப்பி வைத்திருந்தவன் வகுப்பில் ராஜா.

ஆலையைப் புனிதமாக்க நான் வரவில்லை. அதன் கழிவுநீர் வாவியைக் கெடுத்ததும் உண்மை. வைக்கோலில் உள்ள சிலிக்கா இயந்திரங்களுக்குத் தொல்லை கொடுத்ததும் உண்மை. போரும் கவனிப்பின்மையும் சேர்ந்து நலிவித்தன. 2014ஆம் ஆண்டளவில் உற்பத்தி நின்றது. பின்னர் கழிவுத்தாளைக் கொண்டு மீண்டும் இயக்கினார்கள். அதற்குள் 2022 மார்ச் வந்தது. தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ‘தி ஐலன்ட்’, ‘திவயின’ ஆகிய நாளேடுகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடுவதை நிறுத்தின. அச்சுத்தாளின் வாசனையில் வயிறு வளர்த்தவனுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாளின் விலை அறிந்த நாடு, ஒரு நிமிடக் கிழிப்புக்காக மினுக்கத்தை வாங்குகிறது.

குழந்தைகள் ஆசையாகப் பிரிப்பதைக் கெடுக்கலாமா என்று கேட்பீர்கள். கெடுக்க வேண்டாம். பிரிக்கும் ஆசை முடிச்சில் இருக்கிறது, மினுக்கத்தில் அல்ல. பனங்கட்டிக் குட்டானைப் பிரித்த குழந்தைக்கு இது தெரியும். கச்சான் சுருளைப் பிரித்த குழந்தைக்கும் தெரியும். யப்பானியர் பரிசைச் சதுரத் துணியில் முடிந்து கொடுப்பார்கள். ஃபுரோஷிகி என்று பெயர். 2006இல் அந்நாட்டுச் சுற்றாடல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, அந்த வழக்கத்தை மீட்கவென்றே ஒரு துணியை வெளியிட்டுப் பிரசாரம் செய்தார். எங்களுக்கு மருதமுனைக் கைத்தறி இருக்கிறது. அதில் முடிந்து கொடுத்தால் உறையும் பரிசாகும். அடுத்த வருடம் அதே துணி வேறொரு வீட்டிலிருந்து திரும்பி வந்தாலும் வரலாம். கருப்பொருள் வேண்டுமென்பவர் பழுப்புத் தாளில் தோணியும் பாடுமீனும் வரையட்டும். தும்புக் கயிற்றால் கட்டி, முடிச்சில் இரண்டு நெற்கதிர் செருகட்டும். தொழுவத்தில் பிறந்த பாலனுக்கு வைக்கோல் ஒன்றும் அந்நியமல்ல. டொரன்டோவிலும் இலண்டனிலும் இருப்போர் வாசித்து முடித்த தமிழ்ப் பத்திரிகையிலேயே சுற்றலாம். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளை, கிழிப்பதற்கு முன் அந்த எழுத்துகளைச் சற்று உற்றுப் பார்க்கும்.

இவ்வருடமும் அந்த ஞாயிறுப் பக்கத்தை நிரப்பும் பொறுப்பு ஏதோ ஒரு தம்பியிடமோ தங்கையிடமோ இருக்கும். இணையத்தில் பனிமனிதனைத் தேட வேண்டாம். மட்டக்களப்புக்குப் பேருந்து ஏறி, பன்பாய் இழைக்கும் ஒரு பெண்மணியிடம், பரிசொன்றை எப்படிக் கட்டுவீர்கள் அம்மா என்று கேட்டு எழுதுங்கள்.