வாக்கும் முகவரியும்

முன்பெல்லாம் வாக்காளராக வேண்டுமானால் தொழிலாளி தாமே மனுக் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். அந்நிலை இன்று இல்லை. 2019-இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. 2021 டிசம்பர் 15 முதல், 18 வயது நிறைந்த பிரஜையின் பெயர் மனு இல்லாமலே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆனால், இனிக் கவலையில்லை என்று நாம் கைகட்டி இருந்துவிடலாமா? கூடாது.

பெயர் எந்தத் தொகுதியில் சேரும்? அடையாளக் கார்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில்தான். தோட்ட மக்களுக்கு ஆபத்து இங்கேதான். தோட்டம் கைமாறுகிறது, லயம் இடிபடுகிறது, பால்மரம் நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டம் எழும்புகிறது. குடும்பம் பட்டணத்து அடுக்கு வீட்டுக்குப் போய்ப் பல வருஷமாகியும், கார்டில் பழைய டிவிஷன் முகவரியே நிற்கிறது. ஆள் ஓரிடம், ஓட்டு ஓரிடம். பள்ளிக்கூடம், தண்ணீர், சாலை என்று நாம் முறையிடப் போகும் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதில் நமக்குப் பங்கில்லை என்றால், நம் குரலுக்கு என்ன மதிப்பு?

செய்ய வேண்டியவை இரண்டு. முதலில் தேசியப் பதிவு இலாகாவில் கார்டின் முகவரியை மாற்ற வேண்டும். அடுத்து, ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். முன்னது முடிந்தால் பின்னது தானே நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள். தேர்தல் நாள் குறித்தபின் ஓடினால் அந்தத் தேர்தலுக்கு உதவாது.

தபால் ஓட்டு எல்லோருக்கும் உண்டு என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஜொகூர்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் பேராக் தோட்டத்துப் பிள்ளைக்கு, தூரத்தைக் காட்டித் தபால் ஓட்டுக் கிடையாது; நேரில் வந்தே போட வேண்டும். தேர்தல் பணியாளர், பத்திரிகையாளர், குறிப்பிட்ட சில சேவைத் துறையினர் ஆகியோருக்கு அது உண்டு. வெளிநாட்டில் வாழும் சாதாரணப் பிரஜைகளுக்கு 2013 பொதுத்தேர்தலில் இவ்வுரிமை கிடைத்தது. ஆயினும் 2022 பொதுத்தேர்தல்வரை சிங்கப்பூர், புருணை, தென் தாய்லாந்து, கலிமந்தான் ஆகிய இடங்களில் இருந்தோருக்கு அது மறுக்கப்பட்டது. ஆகவே ஒவ்வொரு தேர்தலின்போதும் விதி என்ன என்பதை ஆணையத்திடம் கேட்டுத் தெளிவதே நலம்.

உரிமையுள்ளவர் குறித்த நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். சீட்டு வந்ததும் அடையாளமிட்டுச் சிறிய உறையில் ஒட்டி, சாட்சியின் கையொப்பம் பெற்ற உறுதிமொழிப் பாரத்துடன் பெரிய உறையில் வைத்து அனுப்ப வேண்டும். வாக்களிப்பு நாள் மாலை 5 மணிக்குள் அது தேர்தல் அதிகாரியிடம் சேர வேண்டும். 2018-இல் சீட்டுகள் தாமதமாகக் கிடைத்ததால், ஊர் திரும்பும் பயணிகள் கையில் உறைகளைக் கொடுத்தனுப்பிய காட்சியை நாடே கண்டது. சாட்சி கையொப்பமிடலாம்; யாருக்குப் போடுவது என்று சொல்ல அவருக்கு அதிகாரமில்லை.

மூன்றாவது ஓட்டு ஒன்று நமக்கு இருந்தது. 1951 டிசம்பரில் ஜோர்ஜ் டவுன் நகரசபைக்குத் தேர்தல் நடந்தது. மலாயா கண்ட முதல் தேர்தல் அதுவே. இந்தோனேசிய மோதலைக் காரணங்காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. நம்மவரான செனட்டர் ஆதி. நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம், உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டமோ நியமன முறையையே நிலைநிறுத்தியது. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பான மன்றத்தில் மக்கள் ஓட்டுக்கு இடமில்லை. அதைத் திரும்பக் கேட்பது நம் கடமை. கையிலுள்ள ஓட்டையே காக்காதவன் இழந்த ஓட்டைக் கேட்டால் யார் செவிசாய்ப்பார்?

கிராணிமார்களே, ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். உங்கள் தோட்டத்தாரின் கார்டு முகவரிகளைப் பாருங்கள்; பிழையிருந்தால் மனு எழுத உதவுங்கள். தொழிலாளத் தோழர்களே, வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இன்றே கேளுங்கள்: "உன் ஓட்டு எந்த ஊரில் இருக்கிறது?"