கணக்குக்கு உள்ள காவல் நிரலுக்கும் வேண்டும்

2023 ஏப்ரல் முதல் தேதி தொடங்கிய நிதியாண்டிலிருந்து, இந்தியாவில் பதிவு பெற்ற கம்பெனி ஒவ்வொன்றும் தன் கணக்குகளை மென்பொருளில் வைத்திருக்குமாயின், அம்மென்பொருள் கணக்கில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியுடன் குறித்துவைப்பதாகவும், அக்குறிப்பை எவரும் நிறுத்திவைக்க இயலாததாகவும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி கட்டளையிடுகிறது. நியாயமான விதி. ஆனால், அந்தக் கணக்கைப் போடும் நிரலையே ஒருவர் நேற்று மாலை மாற்றினாரானால், எந்த இடத்தில் மாற்றினார், யார் சொல்லி மாற்றினார், என்ன காரணத்தால் மாற்றினார் என்பதற்கு யாதொரு சாட்சியமும் இல்லாத நிறுவனங்கள் நம் ஊர்களில் இன்னும் பல இருக்கின்றன என்பது மிகுந்த விசனத்திற்குரிய விஷயம்.

விஷுவல் பேசிக்கின் ஆறாம் பதிப்பு 1998-இல் வெளிவந்தது. ஃபாக்ஸ்புரோவுக்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015-இல் அறவே நிறுத்திவிட்டது. ஆயினும் அவற்றில் எழுதப்பட்ட பில்லிங், சம்பளப் பட்டியல், சரக்கிருப்பு நிரல்கள் மொத்த வியாபாரிகளிடத்தும் ஆலைகளிடத்தும் இன்றும் உழைத்துவருகின்றன. தமிழ்நாட்டில் 2007-இல் வாட் வந்தபோதும், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும் அவசரம் அவசரமாகப் புகுத்தப்பட்ட திருத்தங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துகிடக்க, அவற்றில் எது இன்றியமையாதது, எது காலாவதியானது என்ற ஞானம், ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு மூத்த புரோகிராமரின் ஞாபகத்தில் மாத்திரமே இருக்கிறது. அவருக்குப் பின் வருகிறவர்களுக்குக் கிடைப்பவை ‘ஃபைனல்’, ‘நியூ ஃபைனல்’, ‘ஜிஎஸ்டி ஃபைனல்’ என்ற பெயர்களில் சர்வரில் குவிந்துள்ள ஃபோல்டர்களே.

இதற்குப் பரிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. நிரலின் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைத்து, வேண்டும்போது முந்தைய நிலைக்கு மீள வழிசெய்யும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் 1972-லேயே இயற்றினார். லினக்ஸின் கர்த்தாவான லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் அளித்த, அதே வகைக் கருவியான ‘கிட்’ இன்று விலையின்றிக் கிடைக்கிறது. ஆகவே பணமில்லை என்பது சமாதானமாகாது.

தொடங்கும் விதத்தில்தான் விவேகம் வேண்டும். பழைய நிரலைச் சுத்தப்படுத்திவிட்டுப் பிறகு கிட்டில் சேர்க்கலாம் என்று எண்ணுகிறவர்கள் ஒருநாளும் சேர்க்கமாட்டார்கள். வாடிக்கையாளரிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் எந்த ஃபோல்டரில் உள்ள நிரலிலிருந்து உண்டானது என்பதை முதலில் நிர்ணயம் செய்து, அந்நிரலை மறுபடியும் கம்பைல் செய்து பார்த்து, இரண்டும் ஒரே விதமாகக் கணக்கிடுகின்றன என்ற நிச்சயம் ஏற்பட்ட பின், அதை அதன் குறைகளோடும் அப்படியே முதல் கமிட்டாக, அதாவது கிட்டில் முதல் பதிவாக, சேர்த்துவிட வேண்டும். வாடிக்கையாளரின் தகவல்களும் பாஸ்வேர்டுகளும் அதில் புகாதபடி பார்த்துக்கொள்வது அவசியம். ஃபாக்ஸ்புரோவில் மற்றொரு சங்கடமும் உண்டு. அதன் ஃபார்ம்கள் அட்டவணைக் கோப்புகளாகச் சேமிக்கப்படுவதால், இரண்டு பதிப்புகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைக் கிட்டால் படிக்கும்படி காட்ட இயலாது. ஃபாக்ஸ்பின்2பிஆர்ஜி என்னும் இலவசக் கருவியால் அவற்றை எழுத்துவடிவமாக்கிச் சேர்த்தால் அச்சங்கடம் நீங்கும்.

கருவியைக் காட்டிலும் சிரேஷ்டமானது, ஒவ்வொரு கமிட்டோடும் எழுதப்படும் குறிப்பு. ‘பில் சரிசெய்யப்பட்டது’ என்று எழுதுவதில் பிரயோஜனமில்லை. எந்த வாடிக்கையாளருக்கு, எந்த அரசாணையை முன்னிட்டு, எந்தத் தொகை எவ்வாறு தவறாக வந்ததால் இம்மாற்றம் செய்யப்பட்டது என்று இரண்டு வாக்கியங்கள் எழுதிவைத்தால், பத்தாண்டுகள் கழித்து அதே நாற்காலியில் அமரப்போகும் இளைஞருக்கு அதுவே ஆசானாக நிற்கும்.

மூத்தவர்கள் இம்முறையைக் கண்டு தயங்குவார்களாயின், பிழை செய்தவரைக் கண்டுபிடித்துத் தண்டிப்பதற்கான வேவு இது என்ற பயமே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். மாற்றியவரின் பெயரும் நேரமும் அதில் பதிவாகின்றனவாகையால், அப்பயத்தை ஆதாரமற்றதென்று தள்ளிவிடவும் முடியாது. அந்தப் பதிவுகளை எவருடைய சம்பள உயர்வுக்கும் தண்டனைக்கும் பிரமாணமாகக் கொள்வதில்லை என்று முதலாளி முதல்நாளே வாக்களித்து, அவ்வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

இத்தகைய நிறுவனங்களை நடத்தும் அன்பர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. உங்கள் மூத்த புரோகிராமர் விடைபெறும் நாள் வரை காத்திராமல், கிட் அறிந்த இளைஞர் ஒருவரை அவர் பக்கத்தில் அமர்த்தி, முதல் கமிட்டை அந்த மூத்தவர் கையாலேயே இந்த மாதத்துக்குள் செய்வியுங்கள்.