ஃபைலில் தேறினால் போதுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு 'எந்த காலேஜ், எந்த பிராஞ்ச்' என்ற பேச்சுதான். நோட்டீஸில் 'என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது என்னவென்று கேட்காமலேயே நாமும் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடுகிறோம். நான் பத்தாவது வரை படித்தவள்தான். பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்காக விசாரித்ததில் தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

என்.பி.ஏ. என்பது 1994-ல் ஏ.ஐ.சி.டி.இ. தொடங்கிய தேசிய அங்கீகார வாரியம். 2010-ல் தனி அமைப்பானது. 2014 ஜூனில் நம் நாடு 'வாஷிங்டன் உடன்படிக்கை'யில் நிரந்தர உறுப்பினராகச் சேர்ந்தது. நம் பொறியியல் படிப்பை அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளும் சமமாக மதிக்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்காக வந்ததுதான் 'விளைவு சார்ந்த கல்வி'.

பெரிய வார்த்தையாக இருந்தாலும் விஷயம் எளிது. ஆறு மாதம் தையல் கிளாஸ் போனாள் என்பது வேறு. ஜாக்கெட் தைக்கத் தெரியும் என்பது வேறு. வாத்தியார் எத்தனை பாடம் நடத்தினார் என்பதை விட, பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்தது என்று பார்ப்பதுதான் இந்த முறை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் மாணவர் இன்னின்னது செய்யக் கற்றிருப்பார் என்று அச்சிட்டே கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதானே?

ஆனால் நடப்பது என்ன? தனியார் கல்லூரி ஒன்றில் படிக்கும் எங்கள் தெருப் பெண் சொல்கிறாள்: "கமிட்டி வருதுன்னா மிஸ்ஸுங்க எல்லாம் ஃபைல் எழுதவே உட்கார்ந்துடுவாங்க அக்கா. எங்க கருத்துப் படிவத்தைக்கூட ஒருத்தரே எல்லாருக்கும் சேர்த்து நிரப்பிடுவாங்க." ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டத்தில் எண் போட்டுவிட்டால் பிள்ளைக்கு வேலை தெரிந்துவிடுமா? லேபில் மெஷினைத் தொடாமலேயே வெளியே வரும் பெண், இன்டர்வியூவில் என்ன பதில் சொல்வாள்?

இன்னொன்று. அங்கீகாரம் முழுக் கல்லூரிக்கும் கிடையாது. பிராஞ்ச் பிராஞ்சாகத்தான் தருகிறார்கள். அதுவும் சில வருடங்களுக்குத்தான். வாஷிங்டன் உடன்படிக்கையின் பலனும் பல்கலைக்கழகங்கள், தன்னாட்சிக் கல்லூரிகள் பெறும் 'முதல் அடுக்கு' அங்கீகாரத்துக்கு மட்டுமே. இணைப்புக் கல்லூரிகளுக்குத் தரப்படுவது 'இரண்டாம் அடுக்கு'. 2017-ல் கட்டணம் நிர்ணயித்தபோது அரசு ஒதுக்கீட்டில் சாதாரணப் படிப்புக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000 ரூபாய் என்று வைத்தார்கள். கூடுதலாகக் கொடுக்கும் நாம் கேள்வி கேட்க வேண்டாமா?

எந்த பிராஞ்சுக்கு, எந்த வருடம் வரை, எந்த அடுக்கு என்று கேளுங்கள். லேப் திறந்திருக்கிறதா என்று நேரில் பாருங்கள். அங்கே படிக்கும் பெண்களிடம், "நீயே செய்த ஒரு ப்ராஜெக்டைக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். ஃபைல் சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் இருக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்திலேயே போடக்கூடாது என்கிறது ஒரு விதி. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே கணக்குக் கேட்ட ஊர் இது. கல்லூரிகள் காட்ட வேண்டிய கணக்கு ஃபைலில் இல்லை, நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. சோதிக்க வரும் வாரியத்தார் அதைப் பார்ப்பார்களா?

— ஒரு வாசகி, உத்திரமேரூர்.