மெஷினில் உட்காருபவள் நான்

சனிக்கிழமை சம்பளம் பார்க்கும் ஊர் இது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு மெஷின் நின்றால் அந்தச் சனிக்கிழமை வெறுங்கைதான். பாண்டியன் நகரில் என் வீட்டு முன்னறையில் போட்ட புது ஓவர்லாக் தையல் மெஷின், பதினோராம் நாளே தையல் விட ஆரம்பித்தது. மெக்கானிக் மூன்று முறை வந்தார், லூப்பரை மாற்றினார். ரிப் துணியைக் கொடுத்தால் மறுபடி அதே கதை. பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து கடைக்காரர் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும்.

நேரில் போய் நின்றேன். "அக்கா, பில்லு உங்க கம்பெனி பேர்ல இருக்குது. இது யாவாரமுங்க, நுகர்வோர் கோர்ட்டு உங்களுக்குச் செல்லாது" என்றார். கம்பெனி என்றால் நானும், பிசிறு வெட்டித் தரும் என் மாமியாரும்.

இந்தப் பேச்சுக்கு உச்ச நீதிமன்றம் 1995-லேயே பதில் சொல்லிவிட்டது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம், பக்கத்தில் கோவையிலுள்ள பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிப் போட்ட வழக்கு அது. லாபத்துக்காகப் பெரிய அளவில் உற்பத்தி செய்ய வாங்கியது என்பதால் வாங்கியவர் தோற்றார். ஆனால், பிழைப்புக்காக ஆட்டோவோ லேத்தோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், ஒத்தாசைக்கு ஓரிருவர் இருந்தாலும் அந்த உரிமை போகாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மாமியார் விஷயம் தீர்ந்தது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சுயதொழில் பிழைப்பை வணிக நோக்கத்தில் சேர்க்கவில்லை. விற்றவர் லூதியானாவில் இருந்தாலும், வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று இழுப்பவர்கள் நம்புவது இந்தக் கெடுவைத்தான். பில்லில் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து நானும் முதலில் பயந்தேன். பில்லில் கெடு ஏதும் சொல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிகம் என்கிறது சட்டம்.

எனக்கு உறுத்துவது எதிர்வீட்டு அண்ணன் நிலைமை. ஆறு டைலர் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறார். அதே கடை, அதே மாடல், அதே நீல டிக். அவரை நுகர்வோராக ஏற்பார்களா என்பது சந்தேகம்; சிவில் கோர்ட்டுக்கு அலையச் சொல்வார்கள். ஆறு பேருக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியவரும் அலைய நேரமில்லாதவர்தான். இத்தனை பேர், இத்தனை ரூபாய் வரை என்று ஒரு அளவு வைத்து, சின்ன யூனிட்டுகளையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

பில், வாட்ஸ்அப் பேச்சு, மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் நகல் எடுத்து, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். அண்ணன் தன் மெஷினைச் செகண்ட்ஸ் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்.