ஆஸ்கரில் அரியர்ஸ்

ஆஸ்கர் அகாடமிக்குள் யாரோ ஒரு பி.காம். ஆசாமி புகுந்திருக்கிறான் என்பது என் சந்தேகம். அந்தந்த வருஷம் தரவேண்டியதை அந்தந்த வருஷம் தருவதில்லை. பாக்கி வைத்து, டி.ஏ. அரியர்ஸ் மாதிரி பின்னால் தருகிறார்கள். வட்டி கிடையாது!

'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் அண்ணனைக் கட்டிக்கொண்டே, அவரைத் தீர்த்துக்கட்டக் கண்ணாலேயே உத்தரவு போடுவாரே அல் பசினோ, ஞாபகமிருக்கா? 1975-ல் பரிசு அவருக்கு இல்லை. பூனையோடு ஊர் சுற்றும் கிழவராக நடித்த ஆர்ட் கார்னிக்கு. (பூனை பிரமாதம்தான், இல்லேங்கலை.) பசினோவின் பாக்கி 1993-ல், 'சென்ட் ஆஃப் எ வுமன்' படத்துக்கு செட்டிலாச்சு. சரி, அது யார் பங்கிலிருந்து எடுத்தது? அதே வருஷம் 'மால்கம் எக்ஸ்' ஆகவே மாறியிருந்த டென்ஸல் வாஷிங்டன் பங்கிலிருந்து! அவருக்குச் சிறந்த நடிகர் பரிசு வர 2002 ஆயிற்று.

மார்ட்டின் ஸ்கார்ஸேஸி பாடு இன்னும் மோசம். 1981-ல் 'ரேஜிங் புல்', 1991-ல் 'குட்ஃபெல்லாஸ்'. இரண்டு தடவையும் டைரக்டர் பரிசைத் தட்டிக்கொண்டு போனவர்கள் நடிகர்கள். ராபர்ட் ரெட்ஃபோர்ட், கெவின் காஸ்ட்னர். இருவருக்கும் அது முதல் டைரக்‌ஷன்! ப்ரொபேஷனர் பையனுக்கு பிரமோஷன், சீனியர் அதே நாற்காலியில். நம்ம ஆபீஸ்தான் சார். 2007-ல் ஒரு ஹாங்காங் படத்தின் ரீமேக்குக்குக் கொடுத்தார்கள். மேடையேறிய மனுஷர், உறையை இன்னொரு தரம் சரிபார்க்கச் சொன்னார்!

ஹிட்ச்காக்குக்கு அரியர்ஸ்கூட வரவில்லை. டைரக்டராக 5 நாமினேஷன், ஒரு பரிசு கிடையாது. 1968-ல் ரிட்டையராகிறவருக்குக் கடிகாரம் கொடுப்பது மாதிரி தால்பெர்க் விருதைக் கையில் கொடுத்தார்கள். ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு விடுவிடுவென்று நகர்ந்துவிட்டார்.